இறுக்கும் வயதும் விடும் வயதும்

2022 ஜூலை கடைசியில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கியது. ஆட வந்தவர்களில் மிக இளையவர் பாலஸ்தீன அணியின் ராண்டா சேடர். வயது 8. இந்தியாவின் இரண்டாம் அணியில் முதல் பலகையில் அமர்ந்த குகேஷுக்கு 16. தொடர்ச்சியாக முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். அதே அணியின் பிரக்ஞானந்தாவுக்குக் கடைசிச் சுற்று முடிந்த மறுநாள்தான் 17 நிறைந்தது. மகளிர் அணியில் ஹரிகா துரோணவல்லி நிறைமாத கர்ப்பிணியாக ஆடினார். அவருடைய அணி வெண்கலம் வென்றது. சில வாரங்களில் குழந்தை பிறந்தது.

வயிற்றுக்குள் ஒரு குழந்தை, எட்டு வயதில் ஒரு சிறுமி, பதினாறில் சில பையன்கள். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஆனால் வீட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் வேண்டியிருந்தது வேறு வேறு.

பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியும் அந்தப் போட்டியில் ஆடினார். அக்கா, தம்பி இருவருமே வெண்கலப் பதக்கத்தோடு வீடு திரும்பினார்கள். அவர்கள் வீட்டில் சதுரங்கம் வந்த கதை பலருக்கும் தெரியும். சிறுமி வைஷாலி ஓயாமல் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் பலகை முன் உட்கார்ந்துவிட்டான். ஐந்தாறு வயதில் பிள்ளையின் பொழுது எதில் போக வேண்டும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அம்மா நாகலட்சுமியின் வேலை கூடவே பயணம் போவது, சமைத்துக் கொடுப்பது, அரங்கில் ஓரமாக உட்கார்ந்திருப்பது என்று மாறியிருந்தது. ஆட்டம் கண்ணெதிரே நடக்கும். ஒரு காயைக்கூட அவர் நகர்த்த முடியாது. குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலை நிறுத்தியவர். அவர் நிலையும் அதேதான்.

இதைப் படித்ததும் பிள்ளையை நாளைக்கே ஏதாவது ஒரு வகுப்பில் சேர்க்கத் தோன்றும். எடுத்துக்கொள்ள வேண்டியது அதையல்ல. பிள்ளை வளர வளர அந்தப் பெற்றோர் தங்கள் வேலையை மாற்றிக்கொண்டார்கள். அதுதான் கவனிக்க வேண்டியது.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர். இரண்டு வயதில், "குழந்தைதானே, பாவம்" என்று கேட்டதெல்லாம் கிடைக்கிறது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போன் நிற்கிறது. தூங்கும் நேரத்துக்குக் கணக்கில்லை. எல்.கே.ஜி. சேர்ந்த அன்று திடீரென்று பிடி இறுகுகிறது. பதினான்கு பதினைந்தில், பிள்ளை தானாக யோசிக்கக் கற்கவேண்டிய வயதில், இறுக்கம் உச்சத்துக்குப் போகிறது. எந்தப் பாடம், எந்த நண்பன், எந்தச் சட்டை, எல்லாம் அப்பா சொன்னபடி. இறுக்க வேண்டிய வயதில் விட்டுவிடுகிறோம், விட வேண்டிய வயதில் இறுக்குகிறோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது எல்லா வீட்டிலும் நினைவிருக்கிறது. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று அதே பெரியவர்கள் சொன்னது மட்டும் மறந்துபோகிறது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டயானா பாம்ரின்ட் என்ற உளவியலாளர் 1960-களில் பெற்றோரின் போக்கை மூன்றாகப் பிரித்தார். ஒரு தரப்பு அதட்டிப் பணியவைக்கும். ஒரு தரப்பு எதையும் தடுக்காது. மூன்றாம் தரப்பு அன்போடு பேசும், காரணம் சொல்லும், ஆனால் போட்ட எல்லையை மாற்றாது. மூன்றாவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று பின்னாளைய ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. ஆனால் எல்லையை எங்கே போடுவது? அதற்கு ஒரே பதில் கிடையாது. வயதுக்கு வயது அது இடம் மாறும்.

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பிரித்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். அந்த இலக்கிய வகைக்குப் பத்துப் பருவங்கள். மூன்றாம் மாதத்தில் காப்பு. ஐந்தில் செங்கீரை, குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதில் சப்பாணி, கைகொட்டும் பருவம். ஓராண்டை ஒட்டி வாரானை, தளர்நடை போட்டு வரும் குழந்தையை "வா, வா" என்று அழைக்கும் பருவம். பாட்டியல் நூல்களில் மாதக் கணக்கு முன்பின் இருக்கலாம். ஆனால் இன்று குழந்தைகள் மருத்துவர் தன் அட்டவணையில் தலை நிற்கிறதா, கைதட்டுகிறதா, நடக்கிறதா என்று பார்ப்பதும் ஏறத்தாழ இதே வரிசையைத்தான்.

இந்தக் கைக்குழந்தைப் பருவத்தில் கண்டிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அழும்போதெல்லாம் தூக்கினால் பழக்கம் கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குழந்தைகளை அவர்கள் வீட்டுக்கே போய் ஓராண்டு கவனித்து, 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். அழுதவுடன் தாய் எடுத்த குழந்தைகள் ஆண்டு முடிவில் குறைவாகவே அழுதன. கூப்பிட்டால் ஆள் வரும் என்று குழந்தைக்கு உறுதியாகிவிட்டால் அது ஓயாமல் கூப்பிடுவதில்லை. இந்த வயதில் பெற்றோரின் வேலை அந்த உறுதியைக் கொடுப்பதுதான்.

பிறகு வருகிறது "மாட்டேன்" பருவம்.

காலை நேரத்துச் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இந்தக் காட்சி அடிக்கடி கண்ணில் படும். இரண்டு வயதுக் குழந்தை படியில் தானே ஏறவேண்டும் என்கிறது. அம்மாவுக்கு வண்டியைப் பிடிக்க வேண்டும். தூக்கி இடுப்பில் வைக்கிறார். குழந்தை வில்லாக வளைந்து, செருப்பை உதறி, தரையில் இறங்கிப் புரண்டு அழுகிறது. சுற்றியிருப்பவர்கள் பார்க்கிறார்கள். ஒரு அடி விழுகிறது, அல்லது ஒரு செல்போன் கைக்கு வருகிறது. இரண்டுமே சத்தத்தை நிறுத்தும், அடத்தை நிறுத்தாது.

அந்தக் குழந்தை திமிரால் அப்படிச் செய்வதில்லை. தான் ஒரு தனி ஆள் என்பது அதற்கு அப்போதுதான் தெரியத் தொடங்குகிறது. ஆசையை அடக்கும் திறன் மூளையில் இன்னும் வரவில்லை, மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தையும் போதவில்லை. ஆகவே இந்த வயதில் விதிகள் சிலவே இருக்க வேண்டும். அவை அசையக்கூடாது. சாலையில் கையை விடக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, யாரையும் அடிக்கக்கூடாது. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறக்கூடாது. அம்மா மறுத்ததைப் பாட்டி கொடுக்கக்கூடாது. மற்ற இடங்களில் சின்னச் சின்ன முடிவுகளைக் குழந்தைக்கே விடலாம். சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா? தோசையா, இட்லியா? எதைத் தேர்ந்தாலும் வீட்டுக்கு நட்டமில்லை, தேர்ந்தது தான் என்ற நிறைவு குழந்தைக்கு. ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் அந்த ரயில் நிலையப் படியையும் அதற்கே விட்டுவிடலாம்.

செல்போனைப் பற்றி இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் கழகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காரணம் எளிது. குழந்தை பேச்சைக் கற்பது பதில் பேசும் முகத்திடமிருந்து. யூடியூப் பாடும், ஆனால் குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்லாது. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளை ஊட்டும் வேளைக்கு ஒரு வீடியோ என்று கழித்துவிட்டு, நான்கு வயதில் "இன்னும் சரியாகப் பேசவில்லை" என்று மருத்துவமனை வரிசையில் நிற்பது பெரிய துயரம்.

மூன்றிலிருந்து ஆறு வரை விளையாட்டுதான் படிப்பு. பிள்ளைத்தமிழில் வரும் சிற்றில் பருவத்தைக் கோவளம், புதுப்பட்டினம் கடற்கரைகளில் இன்றும் பார்க்கலாம். ஈர மணலைக் குவித்துக் கால் மேல் அமுக்கி, காலை மெல்ல உருவினால் வீடு. கிளிஞ்சல் வைத்தால் வாசல். அலை வந்து அழித்தால் மறுபடி கட்டுகிறார்கள். யார் கட்டுவது, யார் தண்ணீர் கொண்டுவருவது என்று சண்டை போட்டுத் தாங்களே தீர்த்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. ஆட்டம், பாட்டு, கதை, அதோடு சத்துமாவு, முட்டை, எடை பார்ப்பது. "அங்கே ஏபிசிடி எழுத வைப்பதில்லை" என்று குறைபட்டுக்கொண்டு கட்டணம் கட்டும் இடம் தேடிப் போகிற பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் பிறக்கும்போதே முழுசாக உருவாகியிருப்பதில்லை. பள்ளி வயது வரை ஒவ்வொன்றாக இறுகுகின்றன. மூன்றரை வயதுக் கையில் பென்சிலைத் திணித்து இரண்டு பக்கம் ஹோம்வொர்க் எழுத வைப்பது அந்தக் கையின் மேல் செய்யும் வன்முறை.

ஆறு வயதுக்கு மேல் காட்சி மாறுகிறது. "ஏன்?" என்ற கேள்விக்கு, "நான் சொன்னேன், அதனால்" என்ற பதில் இனி செல்லாது. விதி இருக்கட்டும், அதோடு காரணமும் வேண்டும். கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, தன் பையைத் தானே அடுக்குவது என்று பொறுப்பு கைமாறத் தொடங்கும் வயது இது. புத்தகத்தை மறந்து போனால் பள்ளிக்கு ஓடிப் போய்க் கொடுக்காமல், ஒருநாள் ஆசிரியரிடம் பதில் சொல்லவிடுவதும் வளர்ப்பில் சேர்த்திதான்.

மாமல்லபுரத்தில் இந்தப் பருவத்தின் கதை ஒன்று படமாகவே வந்திருக்கிறது. மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த கமலி என்ற சிறுமி, வெறுங்காலோடு வெள்ளைக் கவுனில் ஸ்கேட்டிங் பலகையில் சரிவில் இறங்கும் புகைப்படத்தை உலகப் புகழ்பெற்ற ஸ்கேட்டிங் வீரர் டோனி ஹாக் பகிர்ந்தார். சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' குறும்படம் 2020-இல் பாஃப்டா விருதுக்கான பட்டியலில் இடம்பெற்றது. படம் அந்தச் சிறுமியைப் பற்றியது என்பதைவிட, தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்த அம்மா சுகந்தியைப் பற்றியது என்றே சொல்லலாம். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற ஊர்ப்பேச்சு ஒரு பக்கம், விழுந்து அடிபட்டால் என்ற பயம் இன்னொரு பக்கம். அவர் மகளைத் தடுக்கவில்லை. கமலி பிறகு கடலலைச் சறுக்கில் தேசியப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் வெற்றி பெற்றார். பதக்கம் வராமல் போயிருந்தாலும் அந்தத் தாய் செய்தது சரிதான். எட்டொன்பது வயதில் விழுந்து எழுந்த பிள்ளைக்குத் தன் உடம்பின் அளவு தெரியும்.

அடியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பேச்சு இந்த வயதுப் பிள்ளைகளின் முதுகில்தான் அதிகம் விழுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்திருக்கிறது. ஆனாலும், "ரெண்டு போடுங்க சார், நான் எதுவும் கேட்கமாட்டேன்" என்று ஆசிரியரிடம் ஒப்படைக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அடி வாங்கும் பிள்ளை தப்பு செய்யாமலிருக்கக் கற்பதில்லை. மாட்டிக்கொள்ளாமலிருக்கக் கற்கிறது. பதினான்கு வயதில் வீட்டில் எதையும் சொல்லாமல் மறைக்கும் பழக்கம் ஏழு வயதில் விழுந்த அடியில் தொடங்குகிறது.

பருவம் மாறுவதை ஊரறியச் சொல்வதில் நமக்கு நிகரில்லை. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஆயிரக்கணக்கான இருளர் மக்கள் கூடுகிறார்கள். முந்தைய நாளே வந்து, சேலையையும் துணியையும் கட்டிக் குடில் போட்டு மணலில் தங்குகிறார்கள். விடியற்காலையில் கடலோரத்தில் கன்னியம்மனுக்குப் பூசை. அதே மணலில் பெயர் வைப்பதும் காது குத்துவதும் கல்யாணமும் நடக்கின்றன. மற்ற சமூகங்களிலும் தொட்டில், மொட்டை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வரிசை உண்டு. ஆனால் விருந்து முடிந்தபின் வீட்டின் நடத்தை பிள்ளையின் வயதுக்கேற்ப மாறுகிறதா என்றால், பெண்பிள்ளை விஷயத்தில் தலைகீழாகவே மாறுகிறது. மஞ்சள் நீராட்டு அன்று "பெரியவளாகிவிட்டாள்" என்று பந்தல் போட்டுச் சொல்கிறோம். மறுநாள் முதல் சைக்கிள் கிடையாது, மாலை விளையாட்டு கிடையாது. பெரியவளானவளுக்குப் பொறுப்பும் உரிமையும் கூடவேண்டும், குறையக்கூடாது. அந்த வயதில் அவளுக்குத் தேவை உடம்பைப் பற்றிய நேர்மையான பேச்சு. எது சரியான தொடுதல், எது இல்லை, யாரிடம் சொல்லலாம் என்பதை அதற்கும் வெகு முன்பே, நான்கைந்து வயதிலிருந்தே, பையனுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும்.

பதின்பருவம்தான் பெற்றோரை அதிகம் மிரட்டுகிறது. மிரட்சிக்குக் காரணமும் இருக்கிறது. மூளையில் ஆசையையும் பரபரப்பையும் தூண்டும் பகுதி இந்த வயதில் வேகமெடுக்கிறது. விளைவை எடைபோட்டு நிறுத்தும் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்கிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது. நிறுத்துவதா, பாய்வதா? தனியாக ஆடியபோது பதின்வயதினர் அப்படியொன்றும் அபாயத்தில் இறங்கவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது அவர்களின் துணிச்சல் எகிறியது. வயது வந்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு அதிகாலையில் ஒரே டூவீலரில் மூன்று பேராகப் பறக்கும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வை விளக்கத் தேவையில்லை. அந்தப் பையன் தனியாகப் போனால் நிதானமாகப் போவான். பின்னால் இருவர் இருக்கும்போது அவன் வேறு ஆள். இங்கே அறிவுரை பயன்படாது, சாவியைக் கொடுக்காமலிருப்பதே பயன்படும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பிள்ளையின் தலைமுடி, இசை, நண்பனின் சாதி இவற்றிலெல்லாம் இறுக்கிவிட்டு, உயிர் போகும் இந்த ஒரே இடத்தில் "ஆம்பளைப் பையன்தானே" என்று சாவியை நீட்டுவது என்ன வளர்ப்பு?

நண்பர் கூட்டம் ஆபத்து மட்டுமல்ல, மருந்தும்கூட. கோவளம் மீனவர் குப்பத்தில் மூர்த்தி மேகவன் தொடங்கிவைத்த அலைச்சறுக்குப் பயிற்சி அதற்குக் கண்ணெதிரே உள்ள சாட்சி. அவர் சிறுவயதில் கையில் கிடைத்த பலகையை வைத்துத் தானே கற்றவர். குப்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டபோது அவர் போட்ட விதி, புகை கூடாது, குடி கூடாது, சறுக்கு மட்டும்தான். ஆபத்தை நாடும் வயதுக்கு அலை என்ற உண்மையான ஆபத்தே கிடைத்தது. கூடவே பெரியவர் ஒருவரின் கண்ணும், மீறினால் பலகை கிடையாது என்ற கட்டுப்பாடும் இருந்தன. அங்கிருந்து தேசிய அளவில் ஆடும் வீரர்கள் வந்தார்கள். கபடிக் குழுவோ நூலகமோ பறையாட்டக் குழுவோ கூட இதைச் செய்யும். பிள்ளையைக் கூட்டத்திலிருந்து பிரிக்க முடியாது. எந்தக் கூட்டம் என்பதில்தான் பெற்றோர் முன்கூட்டியே வேலை செய்ய முடியும்.

இந்த வயதில் எல்லைகளைச் சேர்ந்து பேசி வகுக்க வேண்டும். எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, இரவு எத்தனை மணிக்குப் போனை வெளியே வைப்பது என்பதில் பிள்ளையின் வாதம் நியாயமாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பது பிள்ளையின் முடிவு. அப்பாவுக்கு அதில் யோசனை சொல்லும் உரிமை உண்டு, அவ்வளவுதான். மதிப்பெண் குறைந்த அன்று வீட்டில் கிடைக்கும் முதல் வார்த்தை என்ன என்பதை, தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பெற்றோர் தீர்மானித்து வைத்திருப்பது நல்லது.

இதையெல்லாம் சொல்வது சுலபம், நேரம் வேண்டுமே என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மறைமலைநகர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். சிறுசேரி, மகேந்திரா சிட்டி அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். விடியலுக்கு முன் கடலுக்குப் போய் முற்பகலில் கரையேறும் மீனவத் தந்தை அந்த வகையில் பகலில் பிள்ளைக்குக் கிடைக்கிறார். செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களுக்கு, பிள்ளை வளர்ப்பு என்பது முதலில் பிள்ளைக்குச் சோறு. 2023 ஆகஸ்ட் முதல் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டம், வேலைக்கு ஓடும் தாயின் கையிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைத்திருக்கிறது. பிள்ளை வளர்ப்பு அம்மா ஒருத்தியின் வேலையே இல்லை. அப்பாவும் அரசும் ஆயாவும் அண்டை வீடும் சேர்ந்து செய்யவேண்டியது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் ஒன்று செய்யலாம். நாளில் கால் மணி நேரம், போனைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளை விரும்புவதைச் செய்வது. இரண்டு வயதில் அது தரையில் உட்கார்ந்து விளையாடுவது. எட்டு வயதில் பள்ளிக் கதை கேட்பது. பதினைந்தில் பக்கத்தில் அமர்ந்து, பேசினால் கேட்பது, பேசாவிட்டால் தோண்டாமலிருப்பது.

பிள்ளையின் போக்கில் கவலை தரும் மாற்றம் இருந்தாலும், பெற்றோருக்கே கை ஓங்கும் அளவு கோபம் வந்தாலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்காக யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், குழந்தையே கூட அழைக்கலாம்: 1098. இரண்டையும் வீட்டுச் சுவரில், பிள்ளையின் கண் உயரத்தில் எழுதி வையுங்கள்.